ஓசையில்லாத குத்தின் கனம்: மௌனகாலக் குத்துச்சண்டைப் படங்களை இன்றும் பார்க்கலாமா?

இரண்டு குத்துச்சண்டை வீரர்கள் ஒரே பெண்ணை விரும்புகிறார்கள். கடைசியில் இருவரும் மேடையேறி மோதுகிறார்கள். தோற்கப்போகிறான் என்று நாம் நினைத்தவன் எழுந்து நின்று வெல்கிறான். அவளும் அவனிடமே வந்து சேர்கிறாள். 1920களில் வந்த குத்துச்சண்டைப் படங்கள் பலவற்றின் கதை இதிலிருந்து அதிகம் விலகாது. இப்படிச் சுருக்கிச் சொன்னால் அவற்றுக்காக ஒன்றரை மணி நேரம் ஒதுக்க இன்று யாருக்கும் மனம் வராது. சினிமா ஆர்வலர்கள் இதற்கு வழக்கமாகச் சொல்லும் சமாதானம், ‘வரலாற்றுக்காகப் பார்த்து வைக்கலாம்’ என்பது. பிற்காலத்தில் ‘ரேஜிங் புல்’ என்ற குத்துச்சண்டைப் படத்தோடு ஸ்கார்செசி வந்ததால் அவருக்கு முன்னால் வந்தவர்களைப் பார்க்க வேண்டும் என்பது, பேரன் கலெக்டரானதால் தாத்தாவுக்கு நாற்காலி போடுவதைப் போன்றது. மரியாதை இருக்கிறது, அவர் பேச்சைக் கேட்கும் எண்ணம் இல்லை. இந்தக் கட்டுரை வேறொரு விடையை முன்வைக்கிறது. குத்துச்சண்டையைப் படமாக்குவதில் ஒலியில்லாத சினிமாவுக்கு ஒரு குறிப்பிட்ட சிக்கல் இருந்தது. அதற்கு அது கண்டுபிடித்த தீர்வுதான் இன்று நாம் கேலி செய்யும் மெலோடிராமா. அந்தத் தீர்வைத் திறமையாகக் கையாண்ட படங்கள், பேசும் படங்களால் எளிதில் தர முடியாத ஓர் அனுபவத்தை இன்றும் தருகின்றன. திறமையில்லாமல் கையாண்டவற்றை ஆய்வாளர்களிடம் விட்டுவிடலாம்.

சிக்கல் என்னவென்று புரிய, சினிமாவின் பிறப்புக்கே போக வேண்டும். குத்துச்சண்டையும் திரைப்படமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வளர்ந்தவை. 1894இல் நியூஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் இருந்த எடிசனின் ‘பிளாக் மரியா’ படக்கூடத்தில் லெனார்ட், குஷிங் என்ற இருவரின் மோதல் படமாக்கப்பட்டது; அதே ஆண்டு சாம்பியன் ஜிம் கார்பெட்டும் அங்கே கேமரா முன் நின்றார். அசைய முடியாத கனத்த கேமராவுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி இல்லை. இடம் சிறியது, எல்லை வகுக்கப்பட்டது. இரண்டு உடல்கள் இடைவிடாமல் அசைகின்றன. ஆட்டத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. ஒருவர் குனிந்து பார்க்கும் கினிடோஸ்கோப் பெட்டிக்குள் அடங்கும்படி ஒவ்வொரு ரவுண்டும் ஏறத்தாழ ஒரு நிமிடமாகச் சுருக்கப்பட்டது. நீண்ட சண்டையைத் தடையில்லாமல் காட்ட வேண்டும் என்ற வியாபார ஆசையிலிருந்துதான், ஃபிலிம் அறுந்துபோகாமல் இருக்க அதைச் சற்றுத் தளர்த்தி வளையமாக விடும் உத்தி பயனுக்கு வந்தது. குத்துச்சண்டைப் படத் தொழிலில் இறங்கிய லேத்தம் குடும்பத்தின் பெயரால்தான் அது இன்றும் அறியப்படுகிறது. 1897 மார்ச் 17 அன்று நெவாடாவின் கார்சன் சிட்டியில் நடந்த கார்பெட் – ஃபிட்ஸிம்மன்ஸ் போட்டியை ஈனக் ரெக்டர் படமாக்கினார். 100 நிமிடங்களைத் தாண்டி ஓடிய அந்தப் படத்தை உலகின் முதல் முழுநீளப் படமாகப் பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். இன்று அதன் துண்டுகளே எஞ்சியுள்ளன.

இந்தப் பதிவுகள் சண்டை முழுவதையும் காட்டின. ஆனால் அது எதனால் முக்கியம் என்பதைக் காட்ட அவற்றால் முடியவில்லை. தொலைவில் நிறுத்திய கேமரா முன் இரண்டு சிறிய உருவங்கள் நெருங்குகின்றன, விலகுகின்றன, ஒன்று விழுகிறது. கார்சன் சிட்டியில் 14ஆம் ரவுண்டில் மேல்வயிற்றில் விழுந்த ஒரே குத்துதான் கார்பெட்டைச் சாய்த்தது. நேரில் பார்த்தவர்களுக்கு அது ஒரு யுகத்தின் முடிவு. திரையில் அது ஒருவர் மண்டியிடும் காட்சி. அதே ரவுண்டில் விதிமீறல் நடந்ததா என்ற சர்ச்சை எழுந்தபோது, படத்தைப் பார்த்து நீங்களே முடிவுசெய்யுங்கள் என்ற அழைப்பே வியாபார உத்தியானது. பார்த்தவர்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்தும் இதில் மாற்றமில்லை. 1927 செப்டம்பரில் சிகாகோவில் நடந்த ஹெவிவெயிட் பட்டப் போட்டியில் டெம்ப்சி டன்னியைத் தரையில் சாய்த்தார். ஆனால் நடுவர் எண்ணத் தொடங்கத் தாமதித்ததால் டன்னிக்குப் பத்து வினாடிக்கும் மேல் கிடைத்தது. படச்சுருள் கையில் இருந்தும், அந்தக் கூடுதல் நேரம் இல்லாவிட்டால் டன்னி எழுந்திருப்பாரா என்ற விவாதம் ஓயவில்லை. பதிவு என்பது நிகழ்ச்சியைத் தரும். நிகழ்ச்சியின் கனத்தைத் தராது. அரங்கில் அந்தக் கனத்தைத் தந்தவை கூட்டத்தின் கூச்சல், கையுறை சதையில் மோதும் ஓசை, கட்டப்பட்ட பந்தயப் பணம், ஊரெல்லாம் அறிந்த பழைய பகை. மௌனப் படச்சுருளுக்குள் இவற்றில் எதுவுமே நுழையவில்லை.

இதோடு சட்டமும் குறுக்கே வந்தது. 1908இல் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன், 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் வெள்ளையரின் நம்பிக்கை என்று முன்னிறுத்தப்பட்ட ஜிம் ஜெஃப்ரீஸை வீழ்த்தினார். செய்தி பரவியதும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பினத்தவர்மீது வெறித் தாக்குதல்கள் நடந்தன. அந்தச் சண்டையின் படத்தை ஊர் ஊராகத் தடைசெய்தார்கள். 1912இல் வந்த சிம்ஸ் சட்டம், பரிசுச் சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதைக் குற்றமாக்கியது. 1940 வரை அது நீக்கப்படவில்லை. சட்டத்தை மீறியும் டெம்ப்சியின் சண்டைகள் திரைக்கு வந்தன என்பதால், தடைதான் புனைவைப் பிறப்பித்தது என்று சொல்வது மிகையாகும். ஆனால் அசல் சண்டை கள்ளச் சரக்காகிவிட்ட நாட்டில், கற்பனைச் சண்டைக்குத் தாராளமான களம் கிடைத்தது என்பது உண்மை. டெம்ப்சியும் பிரான்சின் குத்துச்சண்டை வீரர் கார்பென்டியேவும் 1920லேயே கதைப்படங்களில் நாயகர்களாக நடித்திருக்கிறார்கள். புனைவுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அசல் போட்டியில் கேமரா கயிற்றுக்கு வெளியேதான் நிற்க முடியும். நடித்துக் காட்டும் போட்டியில் கயிற்றுக்குள் நுழையலாம், வீரனின் முகத்தை நெருங்கலாம், உடைமாற்றும் அறைக்கும் அவன் வீட்டுக்கும் போகலாம்.

ஆனால் எவ்வளவு நெருங்கினாலும் குத்துக்கு ஓசை கிடையாது. குத்துச்சண்டையில் ஓசை அலங்காரம் ஆகாது; அடி எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்கிறது. பேசும் படம் வந்ததும் இந்தக் குறை ஒரே நாளில் தீர்ந்தது. அடியின் ஓசையைக் கூட்டலாம், கூட்டத்தை அலறவிடலாம்; யார் முந்துகிறார், யார் சரிகிறார் என்பதை வானொலி வர்ணனையாளர் வாயால் சொல்லவைக்கலாம். மௌனப்படத்துக்கு இந்த வழிகள் அடைபட்டிருந்ததால் கனத்தை அது வேறிடத்தில் தேட வேண்டியிருந்தது. இந்த அடியை யார் பார்க்கிறார்கள், அது விழுவதால் அவர்கள் எதை இழப்பார்கள் என்ற கேள்விகளில் அது கிடைத்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாத உணர்ச்சியைப் பொருளிலும் சைகையிலும் தற்செயலிலும் ஏற்றிக் காட்டுவதே மெலோடிராமாவின் அடிப்படை இயல்பு. காதல், பொறாமை, குடும்பம், துரோகம் என்று கதை சண்டையை விட்டு விலகிப்போவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது கடைசியில் விழப்போகும் ஓசையில்லாத குத்துக்குப் பாரம் ஏற்றிக்கொண்டிருக்கிறது.

இதற்குச் சிறந்த சான்று ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘தி ரிங்’. 1927இல், தம் 28ஆம் வயதில், பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்துக்காக அவர் எல்ஸ்ட்ரீயில் எடுத்த முதல் படம் இது. நாவலையோ நாடகத்தையோ தழுவாமல், கதையும் அவர் பெயரிலேயே வந்தது. திருவிழாக் கூடாரமொன்றில் சவாலுக்கு வரும் எவரையும் ஒரே ரவுண்டில் வீழ்த்துபவன் ஜாக். அவன் காதலி மேபல் வாசலில் டிக்கெட் விற்கிறாள். அவளால் ஈர்க்கப்பட்டு ஒருவன் உள்ளே நுழைந்து ஜாக்கோடு மோதுகிறான். அவன் ஆஸ்திரேலிய ஹெவிவெயிட் சாம்பியன் பாப் கார்பி என்பது பிறகே தெரிகிறது. படத்தின் முதல் பெரிய சண்டை இதுதான். ஹிட்ச்காக் இதில் மேடையைப் பெரும்பாலும் நமக்கு மறைத்துவிடுகிறார். கூடாரத் துணியை விலக்கி, கூட்டத்தின் முதுகுகளுக்கும் தலைகளுக்கும் மேலாக எட்டிப் பார்க்கும் மேபலோடு நம்மையும் நிற்கவைக்கிறார். ரவுண்டு எண்ணைக் காட்டும் அட்டை மாறுகிறது. ‘1’ என்று எழுதிய அட்டை கைபட்டுக் கைபட்டு அழுக்கேறிக் கிழிந்திருக்கிறது; அதை எடுத்துவிட்டு மாட்டும் ‘2’ புத்தம் புதியதாகப் பளிச்சிடுகிறது. இதுவரை யாரும் இரண்டாம் ரவுண்டைப் பார்த்ததில்லை என்பதை ஒரு வார்த்தைகூட இல்லாமல் அந்த அட்டை சொல்லிவிடுகிறது. ஜாக்கின் பழைய பெருமை, அதன் முடிவு, மேபலின் கலக்கம் மூன்றும் அதில் இருக்கின்றன. குத்துகள் பெரும்பாலும் நம் கண்ணில் படாமலேயே சண்டையின் கனம் முழுவதும் நம்மீது இறங்குகிறது.

அந்தச் சண்டையில் வென்ற பணத்தில் பாப் மேபலுக்குப் பாம்பு வடிவக் கைவளை ஒன்றை வாங்கித் தருகிறான். படம் முழுக்கக் கதையைச் சுமப்பது இந்த நகைதான். ஜாக்கின் கண்ணில் படாமல் அவள் அதை மறைக்கிறாள். அவன் பார்த்துவிட்டதும், உன்னை வென்ற காசில் வாங்கியதுதானே, ஒருவகையில் நீ தந்ததுதான் என்று சமாதானம் சொல்கிறாள். திருமணத்தில் ஜாக் அவள் விரலில் மோதிரம் அணிவிக்கும் அதே கணத்தில், மேலே ஏற்றி வைத்திருந்த வளை மணிக்கட்டுக்குச் சரிகிறது. இந்த இடத்தைக் குறியீடு என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது போதாது. மேபலின் மனம் எந்தப் பக்கம் என்று அவளே அறியாத நிலையில், அவள் உடல் அதைக் காட்டிக்கொடுக்கிறது. பேசும் படத்தில் இதைச் சொல்ல ஒரு தோழியோ சண்டையிடும் கணவனோ வேண்டியிருக்கும். சொன்னதும் அது ஒரு முடிவாகிவிடும். இங்கே அது முடிவாகாமல் அலைகிறது. பாராட்டைத் தேடும் நவீன இயக்குநர்கள் தவிர்த்துவிடக்கூடிய இப்படியொரு அப்பட்டமான தற்செயல், இந்தப் படத்தில் மனத்தின் தடுமாற்றத்தைச் சொல்லும் துல்லியமான மொழியாகிறது.

ஜாக்கின் உயர்வையும் தனிமையையும் காட்டும் இரண்டு பகுதிகள் இந்த உத்தியை இன்னும் தெளிவாக்கும். முதலாவதில் சுவரொட்டிகள் மாறி மாறி வருகின்றன. பின்னணியில் பருவங்கள் மாறுகின்றன. ஜாக்கின் பெயர் பட்டியலில் மெல்ல மெல்ல மேலேறுகிறது. மாதக்கணக்கான சண்டைகள் சில நொடிகளில் முடிந்துபோகின்றன, ஏனென்றால் அந்தச் சண்டைகள் எவருக்கும் முக்கியமில்லை. இரண்டாவதில், முக்கியமான வெற்றியொன்றுக்குப் பிறகு ஜாக் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து ஷாம்பெயின் ஊற்றி வைக்கிறான். மனைவி வந்த பிறகே குடிப்பது என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். அவள் பாபோடு வெளியே இருக்கிறாள். கிண்ணத்தில் பொங்கிய குமிழிகள் மெல்ல அடங்கி, மது வெறும் தண்ணீரைப் போல நிற்கிறது. ஜெயித்தவன் தன் வீட்டிலேயே தோற்று நிற்பதை இதைவிடச் சிக்கனமாகக் காட்ட முடியுமா என்பது ஐயமே. இன்னோரிடத்தில், பக்கத்து அறையில் பாபோடு மேபல் இருப்பதை நினைத்துப் புழுங்கும் ஜாக்கின் கண்வழியே இசைத்தட்டும் பியானோக் கட்டைகளும் ஆடும் உருவங்களும் நீண்டு நெளிந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கின்றன. ஓசையில்லாத சினிமா, கேட்கும் இசை ஒருவனை எப்படி வதைக்கிறது என்பதைக் கண்ணால் காட்ட முயன்ற இடம் அது.

லண்டன் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் கடைசிச் சண்டைக்கு வரும்போது கேமரா கயிற்றுக்குள் போய்விடுகிறது. அடிபட்ட ஜாக்கின் கண்வழியே விளக்குகளும் கயிறுகளும் குழைந்து மங்குகின்றன. அதுவரை எட்டத்தில் நிறுத்தியே பழக்கிவிட்டதால், இந்த நெருக்கம் அதிர்ச்சியாக வேலை செய்கிறது. ஆனால் சண்டையின் போக்கை மாற்றுவது எந்தக் குத்தும் அல்ல. தோற்றுக்கொண்டிருக்கும் கணவனின் மூலைக்கு மேபல் வந்து நிற்கிறாள். ஜாக் பிறகு எழுகிறான். காதல் ஒருவனுக்கு உடல்பலம் தருமா என்று நாம் சிரிக்கலாம். படத்தின் தர்க்கப்படி பார்த்தால் இது சரியான முடிவு. முதல் சண்டையில் அவள் தொலைவிலிருந்து பார்த்தாள், அவன் தோற்றான். கடைசிச் சண்டையில் அவள் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். சண்டையின் முடிவு பார்வையின் தூரத்தில் இருக்கிறது என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்த படம், அதே கணக்கில் முடிகிறது.

ஒரு மேதையின் ஒரு படத்தை வைத்து ஒரு வகையையே நியாயப்படுத்தலாமா என்று கேட்கலாம். டி. டபிள்யூ. கிரிஃபித்தின் ‘ப்ரோக்கன் ப்ளாசம்ஸ்’ (1919) இதே சிக்கலுக்கு நேரெதிர்த் தீர்வைத் தருகிறது. லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் வாழும் பேட்லிங் பர்ரோஸ் (டொனால்டு கிரிஸ்ப்) ஒரு குத்துச்சண்டை வீரன். வெளியே மேனேஜரிடம் வாங்கும் திட்டுக்கெல்லாம் வீட்டிலிருக்கும் மகள் லூசியை (லிலியன் கிஷ்) சவுக்கால் அடித்துத் தீர்த்துக்கொள்பவன். மேடையில் அவன் போடும் குத்துகளுக்குக் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. அதே கைகள் வீட்டில் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்துவிட்ட நம்மால் அந்த ஆரவாரத்தில் சேர முடிவதில்லை. அலமாரிக்குள் அடைத்துக்கொண்ட லூசி, கதவை அப்பன் கோடரியால் பிளக்கும்போது அந்தக் குறுகிய இடத்துக்குள் சுற்றிச் சுற்றிச் சுழலும் காட்சி, திரையில் அச்சத்தைப் பற்றி எடுக்கப்பட்ட மிகக் கொடிய காட்சிகளில் ஒன்று. அவள் அலறல் நமக்குக் கேட்பதில்லை. வாய் திறந்திருப்பது மட்டுமே தெரிகிறது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்காத அலறல் அது என்பதால், இந்த மௌனம் குறையாக இல்லாமல் பொருளாகவே ஆகிவிடுகிறது. வன்முறையைத் தொழிலாகவும் பொழுதுபோக்காகவும் ஆக்கிய சமூகம் அதன் மிச்சத்தை எந்த வீட்டுக்கு அனுப்புகிறது என்ற கேள்வியை, அதன் பின் வந்த எத்தனையோ விளையாட்டுப் படங்கள் கேட்கவே இல்லை.

பஸ்டர் கீட்டனின் ‘பேட்லிங் பட்லர்’ (1926) நகைச்சுவைப் படம். ஆனால் அதுவும் இதே பாடத்தையே சொல்கிறது. செல்வத்தில் ஊறிய ஒரு சோப்ளாங்கி, காதலுக்காகத் தன் பெயரையே கொண்ட சாம்பியனாக நடிக்கிறான். பயிற்சி, பயம், பொய் எல்லாம் சிரிப்பாக நகர்கின்றன. மேடையேறும் கட்டம் வரும்போது அவனுக்குப் பதில் அசல் சாம்பியனே மோதி வென்றுவிடுகிறான். மூலமான மேடை நாடகம் கடைசிவரை சிரிப்பாகவே முடிந்தது. கீட்டன் அங்கே நிறுத்தவில்லை. உடைமாற்றும் அறையில் சாம்பியன் அவனைப் போட்டு அடிக்கிறான். இங்கே ஒரு நகைச்சுவை உத்திகூட இல்லை. அடி அடியாகவே விழுகிறது. வாசலில் காதலித்து மணந்த மனைவி நின்று பார்ப்பதைக் கண்டதும் அவன் வெறிகொண்டு திருப்பி அடிக்கிறான், அடித்து முடித்த பிறகும் நிறுத்த முடியாமல் அடிக்கிறான். கோமாளிக்குள் இருந்த மூர்க்கம் வெளிப்படும்போது, ஒரு மணி நேரமாகச் சிரித்த நமக்கே கூச்சமாகிறது. பார்க்க வந்த கூட்டம் கலைந்துபோன பின், ஒருத்தியின் பார்வைக்காக மட்டும் நடக்கும் சண்டை இது. ‘ரேஜிங் புல்’ எடுத்த ஸ்கார்செசி, குத்துச்சண்டையைச் சரியான மனநிலையோடு அணுகியவர் என்று கீட்டனைக் குறிப்பிட்டது வியப்பில்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வரலாம். கதை தேய்ந்துபோனது என்பது முதலாவது. தேய்ந்த கதை என்பது உண்மை. அது ஒரு குறை என்பதைத்தான் ஏற்க முடியாது. முடிவு தெரிந்த கதையில் பார்வையாளர் ‘என்ன நடக்கும்’ என்பதை விட்டுவிட்டு ‘எப்படி நடக்கும்’ என்பதில் கண்ணை வைக்கிறார். கூத்தையும் புராணப் படத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்த மெலோடிராமாவும் சரி என்று இதற்குப் பொருளில்லை. அதே 1927இல் வந்த ‘தி பேட்டண்ட் லெதர் கிட்’ படத்தில் ரிச்சர்ட் பார்த்தெல்மெஸ், தேசப்பற்று இல்லாத குத்துச்சண்டை வீரனாக வருகிறார். முதல் உலகப்போரில் காயப்பட்டு முடங்குகிறார். கடைசியில் முடங்கிய கை கொடிக்கு வணக்கம் செலுத்த உயர்கிறது. முதலாவது ஆஸ்கர் விருதுகளில் சிறந்த நடிகருக்கான பரிந்துரை இதற்குக் கிடைத்தது. என்றாலும், அந்தக் கை உயரும்போது நம் கண்ணை நனைக்க முயல்வது கொடிதான். அதுவரை பார்த்த சண்டைகளுக்கும் அதற்கும் உறவு மிகக் குறைவு. கைவளையின் கனம் படத்துக்குள்ளேயே சேர்ந்தது. கொடியின் கனம் அரங்குக்கு வெளியிலிருந்து கடன் வாங்கியது. பார்க்கத் தகுந்த மெலோடிராமாவையும் தகாததையும் பிரிக்கும் கோடு இதுதான். உணர்ச்சியின் அளவைப் பொருட்படுத்தாமல், அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நடிப்பு மிகை, அசைவுகள் கோமாளித்தனம் என்பது இரண்டாவது எதிர்வாதம். இதில் பாதி, படத்தின் குற்றமே அல்ல. மௌனப்படங்கள் பெரும்பாலும் வினாடிக்கு 24 சட்டங்களுக்கும் குறைவான, ஒரே சீரில்லாத வேகத்தில் எடுக்கப்பட்டவை. பேசும் படத்தின் 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் பொம்மைகளாகத் துள்ளுவார்கள். தேய்ந்த பிரதியும் பொருத்தமில்லாமல் ஒட்டிய இசையும் மீதியைக் கெடுத்துவிடும். 2012இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் ஹிட்ச்காக்கின் எஞ்சிய ஒன்பது மௌனப்படங்களையும் சீரமைத்தபோது, ‘தி ரிங்’ படத்துக்கு ஜாஸ் கலைஞர் சோவெட்டோ கின்ச் புதிய இசை அமைத்தார். சரியான வேகத்தில் பார்த்தால் மேபலாக வரும் லிலியன் ஹால்-டேவிஸின் நடிப்பு வியக்கத்தக்க அளவுக்கு அடங்கியது என்பது தெரியும். உதட்டோரச் சிரிப்பிலும் கண்ணைத் தாழ்த்துவதிலுமே அவர் வேலையை முடிக்கிறார். ஜாக்காக வரும் டென்மார்க்கின் கார்ல் பிரிஸன் நடிகராகும் முன் உண்மையிலேயே குத்துச்சண்டை வீரர். காவல் எடுத்து நிற்கும் நிலையிலேயே அது தெரிகிறது.

மூன்றாவது எதிர்வாதம்தான் கனமானது. இந்தப் படங்களில் ஊறியிருக்கும் இனவெறியையும் பெண்ணைப் பற்றிய பார்வையையும் என்ன செய்வது? ‘தி ரிங்’ படத்தின் திருவிழாவில் கறுப்பின மனிதர் ஒருவரைக் குறியாக உட்காரவைத்து எறிந்து கூட்டம் சிரிக்கிறது. கேமராவும் கூடவே சிரிக்கிறது. எழுத்து அட்டை ஒன்றில் இழிசொல்லும் வருகிறது. ‘ப்ரோக்கன் ப்ளாசம்ஸ்’ சீனரைப் பரிவோடு காட்ட நினைத்த படம். ஆனால் அதில் சீனராக நடித்தவர் கண்ணை இடுக்கிக்கொண்ட ஒரு வெள்ளையர், அதே பார்த்தெல்மெஸ். ‘தி ரிங்’கில் ஜாக் ஆத்திரத்தில் மனைவியின் உடையைக் கிழிக்கிறான், அதற்காக அவன் வருந்த வேண்டும் என்று படம் நினைக்கவில்லை. மேபல் ஏன் திரும்புகிறாள் என்பதற்கு அவள் உள்ளத்திலிருந்து ஒரு காரணத்தையும் படம் தரவில்லை. காலம் அப்படி என்று சொல்லி இவற்றைக் கடந்துவிட முடியாது. ஜாக் ஜான்சனின் படத்தைத் தடைசெய்த அதே காலத்திலேயே அதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ, மாபெரும் வீரர் சாம் லாங்ஃபோர்டை வைத்து 1920இல் ‘தி ப்ரூட்’ எடுத்தார். அந்தப் படம் இன்று இல்லை. ஆகவே எஞ்சியிருப்பவை அந்தக் காலத்தின் முழுக் குரல் அல்ல என்ற நினைவோடுதான் பார்க்க வேண்டும். குறை இருப்பதால் ஒதுக்கிவிடுவோம் என்பதை ஏற்காததற்கு ஒரு காரணம் உண்டு. யார் அடிபடுவதைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள் என்று கவனிக்க நமக்குக் கற்றுத்தருபவை இதே படங்கள்தாம். மேபலின் பார்வையைப் பின்தொடரப் பழகிய கண்ணுக்கு, குறியாக உட்கார்ந்தவரின் முகத்தைப் படம் எவ்வளவு எளிதாகக் கடந்துபோகிறது என்பதும் தெரியவரும். படம் கற்றுத்தரும் கவனத்தை அந்தப் படத்தின்மீதே திருப்ப முடிவது அதன் வளத்தைக் காட்டுகிறது. அது அதன் குற்றத்துக்கு மன்னிப்பாகாது.

இதையெல்லாம் பேசும் படங்கள் இன்னும் நன்றாகச் செய்துவிட்டனவே என்பது கடைசி எதிர்வாதம். 1947இல் ‘பாடி அண்ட் சோல்’ படத்துக்காக ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வாங் ஹோவ் சக்கரக் காலணியோடு, கேமராவைக் கையில் பிடித்தபடி மேடைக்குள் நுழைந்தார். 1980இல் ‘ரேஜிங் புல்’ ஒவ்வொரு அடிக்கும் தனி ஓசை தேடியது. சண்டையைச் சண்டையாக உணர்த்துவதில் இவை மௌனப்படங்களை வெகுதூரம் தாண்டிவிட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆற்றலோடு ஓர் இழப்பும் வந்தது. ஓசை நம் உடலை நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. அடி விழும்போது நாம் வீரனாகிறோம், அல்லது கூட்டமாகிறோம். யோசிப்பதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுகிறது. வர்ணனையாளரின் குரல் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்து தந்துவிடுகிறது. ஓசையில்லாத சண்டையில் நாம் வீரனாகவும் முடியாது, கூட்டமாகவும் முடியாது. பார்க்கிற ஒருவராக மட்டுமே இருக்க முடியும். அந்த நிலையில்தான் ஒருவன் அடிபடுவதை நான் எதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற கேள்வி எழுகிறது. லூசியின் அலமாரி, மேபல் விலக்கிய கூடாரத் துணி, கீட்டனின் உடைமாற்றும் அறை மூன்றும் வெவ்வேறு வழியில் நம்மை அந்தக் கேள்விக்கே கொண்டுவந்து நிறுத்துகின்றன.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912க்கும் 1929க்கும் இடையே அந்நாட்டில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப்படங்களில் 14 விழுக்காடே மூல வடிவில் எஞ்சியுள்ளன. எனவே இந்த வகையைப் பற்றி யார் என்ன தீர்ப்புச் சொன்னாலும் அது ஒரு சிறு மிச்சத்தைப் பற்றிய தீர்ப்புதான். அந்த மிச்சத்திலும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற கடமை பொது வாசகருக்குக் கிடையாது. புதிதாகத் தொடங்குபவர் ‘பேட்லிங் பட்லரி’ல் தொடங்கலாம், சிரிப்பு வழியாக நுழைவது எளிது. அடுத்து, சீரமைத்த பிரதியில் ‘தி ரிங்’. மனம் திடமாக இருக்கும் நாளில் ‘ப்ரோக்கன் ப்ளாசம்ஸ்’. பார்க்கும்போது குத்துகளை எண்ணாமல், குத்து விழும் நொடியில் படம் யாருடைய முகத்துக்குப் போகிறது என்பதைக் கவனித்தால் போதும். கேலிக்குரியதாகத் தோன்றிய தற்செயல்களும் நகைகளும் கண்ணீரும் எந்த வேலையைச் செய்கின்றன என்பது தானாகவே விளங்கும். எந்த முகத்துக்கும் போகத் தெரியாத படத்தைப் பாதியில் நிறுத்திவிடுவதில் எந்தத் தவறும் இல்லை.